பட்டா இல்லாத குடித்தனங்கள்: ஒரு நாட்டின் பாக்டீரியாவைக் கணக்கெடுப்பது எப்படி?

எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் வடிந்திருந்த காலை நேரம். காட்டுக்குப்பம் பக்கம் முட்டிவரை கறுப்புச் சேற்றில் நின்றபடி, ஸ்பிரிட்டில் துடைத்த கரண்டியால் கொஞ்சம் சேற்றை வழித்துப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். கரையில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாமா, சேத்தப் போயி டப்பாவுல அடைக்கிறே?"

"ஆராய்ச்சிக்கு ஆயா. இதுல இன்னா இன்னா கிருமி இருக்குதுன்னு பாக்கணும்."

"கிருமி இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். அத்த நீ வேற பாக்கணுமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும்வரை அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயா சொன்னது சரிதான், இருப்பது ஊருக்கே தெரியும். எது எது இருக்கிறது என்பதுதான் எந்த ஏட்டிலும் இல்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரி. கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர். சொந்தக்காரர்கள் இன்னமும் என்னை ரத்தப் பரிசோதனை செய்கிற பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும், முதலாண்டு மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "புதிய பாக்டீரியா கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் வருகிறதே, அது வேறு. "நம் நாட்டில் இதுவரை பதிவாகாத பாக்டீரியா" என்பது வேறு. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் குடித்தனம் நடக்கும். ரேஷன் கார்டு இருக்கும், கரண்ட் கட்டின ரசீது இருக்கும். பட்டா மட்டும் இருக்காது. தாசில்தார் ஆபீஸ் ஏட்டில் அந்த இடம் புறம்போக்கு. ஏட்டில் இல்லை என்பதால் அங்கே வீடே இல்லை என்றாகிவிடுமா? நாளைக்குப் பட்டா கொடுத்தால் அன்றைக்குத்தான் வீடு முளைத்தது என்று சொல்ல முடியுமா?

பதிவாகாத பாக்டீரியாவும் அப்படித்தான். அதற்கு உலக அளவில் ஏற்கெனவே பெயர் வைத்திருப்பார்கள். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ யாராவது பிரித்தெடுத்து, விவரித்து, முறையாக அச்சிட்டிருப்பார்கள். நம் மண்ணிலும் அது காலங்காலமாகக் குடியிருக்கும். ஆனால் "இங்கே இருக்கிறது, இதோ எடுத்தோம், இதோ வைத்திருக்கிறோம்" என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதை எழுதி வைப்பதுதான் இந்த வேலை. உலகத்துக்கே புதியதாக ஒன்று அகப்பட்டால் அது தனிக் கதை. அதற்குச் சடங்குகள் அதிகம், பின்னால் சொல்கிறேன்.

இதை அரசாங்க வேலையாகவே எடுத்துக்கொண்டு செய்கிற நாடு தென் கொரியா. இஞ்சியோன் நகரில் 2007இல் திறக்கப்பட்ட தேசிய உயிரியல் வள நிறுவனம், பல பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களைச் சேர்த்துக்கொண்டு காட்டு மண், கடல் நீர், அலை வடியும் சேற்றுப் பரப்பு, ஏரி, செடிகளின் வேர் என்று மாதிரி எடுக்கச் சொல்கிறது. அகப்படுவதையெல்லாம் "கொரியாவில் இதுவரை பதிவாகாத பாக்டீரியா இனங்கள்" என்ற தலைப்புகளில் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். அந்தக் கட்டுரைகளைப் படித்தால் சுவாரசியமே இருக்காது. வரிசையாக அட்டவணை. எங்கே எடுத்தது, எந்த ஊட்டத்தில் வளர்ந்தது, எத்தனை டிகிரி, கூட்டம் என்ன நிறம், செல் உருண்டையா குச்சியா, அறிந்த இனத்தோடு எத்தனை சதவீதம் ஒற்றுமை. வாக்காளர் பட்டியலைப் படிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

எழுதி வைத்து என்ன கிடைக்கும்?

காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது இருப்பார்கள். அந்த மாத்திரை போட்ட முதல் நாள் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பதறி ஓடிவருவார்கள். அந்த நிறம் ரிஃபாம்பிசின் என்ற மருந்தினுடையது. அதன் மூலப்பொருளைத் தந்தது ஒரு மண் பாக்டீரியா. 1957இல் பிரான்சின் தென்கடற்கரையில், பைன் மரக்காட்டிலிருந்து அள்ளிய மண்ணிலிருந்து ஓர் இத்தாலிய மருந்து நிறுவனத்தார் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கைப்பிடி மண்!

இன்னொரு கதை இதைவிட எரிச்சலானது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் என்பவர் 1960களில் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர். கொதிக்கிற சூட்டையும் தாங்கும் அதன் நொதிதான் பிற்பாடு, டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையின் உயிர்நாடி ஆயிற்று. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனை பி.சி.ஆர். முறையில் நடந்ததுதான். பி.சி.ஆர். உரிமைகள் 1991இல் 30 கோடி டாலருக்குக் கைமாறின. பாக்டீரியா பிறந்த பூங்காவுக்கு அதில் ஒரு சல்லிக்காசு போகவில்லை.

இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் "எங்கள் மண்ணிலிருந்து எடுத்தால் எங்களுக்கும் பங்கு" என்ற பேச்சு சட்டமாயிற்று. 1992இல் பல்லுயிர் உடன்படிக்கை. 2010இல் அதன் கீழ் நகோயா நெறிமுறை, 2014இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2002இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. அதை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையம் இதே சென்னையில் தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் பங்கு கேட்பதற்கு முன்னால், "இது எங்களிடம் இருக்கிறது" என்று காட்ட ஏதாவது வேண்டுமே. பட்டா இல்லாதவனுக்கு நஷ்டஈடு எப்படிக் கிடைக்கும்?

நம் நாட்டில் தாவரங்களைக் கணக்கெடுக்க 1890 முதல் ஒரு துறை இருக்கிறது, விலங்குகளுக்கு 1916 முதல் ஒன்று. பாக்டீரியாவுக்கு அப்படி ஒரு தனிக் கணக்கெடுப்புத் துறை கிடையாது. சேமிப்பகங்கள் உண்டு. சண்டிகரில் 1986இல் தொடங்கியது ஒன்று, புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம், வேளாண்மைக்கு உதவும் நுண்ணுயிர்களுக்கு உத்தரப் பிரதேசத்து மவு நகரில் ஒரு பணியகம். இவை எல்லாம் கொண்டுவந்து கொடுப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடங்கள். தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டுகிற வேலை வேறு.

சேற்றிலிருந்து தட்டுக்கு

சேற்றை அள்ளியதும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அதற்குள் குழாயை வைப்போம். அதே நிமிடத்தில் நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, தண்ணீரின் சூடு, உப்பு, அமில காரத் தன்மை. "அப்புறம் எழுதிக்கலாம் மிஸ்" என்று சொல்லும் பையன்களை நான் பஸ் ஏற விடுவதில்லை. எங்கே எடுத்தது என்று தெரியாத பாக்டீரியா, சர்வே எண் இல்லாத பத்திரம் மாதிரி. யாரும் தொட மாட்டார்கள்.

ஒரு கிராம் சேற்றில் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும். அப்படியே தட்டில் பூசினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு கிராமை ஒன்பது மில்லி சுத்தமான உப்பு நீரில் கலக்கி, அதில் ஒரு மில்லியை எடுத்து அடுத்த ஒன்பது மில்லியில் விட்டு, மறுபடி அதிலிருந்து ஒரு மில்லி என்று ஐந்தாறு முறை நீர்த்துப்போக வைப்போம். கடைசிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் பரப்பினால், நெரிசல் இல்லாமல் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகப் போய் உட்காரும். ஒரு செல் பெருகிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. அந்தப் புள்ளியைத்தான் காலனி என்கிறோம்.

தட்டில் இருப்பது அகர். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் கடல்பாசி இருக்கிறதே, அதேதான். நம் ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூச்சடக்கி முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இதைக் காய்ச்சுகிறார்கள். பாக்டீரியா வளர்க்க இது உதவும் என்று 1881 வாக்கில் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸ. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸவின் மனைவி. அதுவரை ஜெலட்டினை வைத்துக்கொண்டு அவதிப்பட்டார்கள். வெயில் அடித்தால் ஜெலட்டின் உருகிவிடும், சில பாக்டீரியா அதையே தின்றும்விடும். ஃபேனி வீட்டில் ஜாம் இறுக வைக்க அகரைப் பயன்படுத்துபவர். சமையற்கட்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்த யோசனை. அவர் பெயரில் எந்தத் தட்டும் இல்லை. தட்டுக்கு 1887இல் மூடி கண்டுபிடித்த பெட்ரியின் பெயர்தான் இன்றைக்கும் வழங்குகிறது.

அகர் வெறும் தரைதான். அதில் என்ன சாப்பாடு போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். புதிதாக வருகிறவர்கள் சத்தான ஊட்டத்தைக் கொட்டுவார்கள். விருந்து வைத்தால் முந்திக்கொண்டு வருபவர்கள் யார்? எப்போதும் வருபவர்கள்தான். ஒரே இரவில் தட்டை ஆக்கிரமித்துவிடுவார்கள். கூச்சப்படுகிற பாக்டீரியாவுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் ஒத்துவரும். எண்ணூர்ச் சேற்றுக்கு நான் ஊட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, குழாய்த் தண்ணீருக்குப் பதில் அதே கழிமுகத்துத் தண்ணீரை வடிகட்டி, 121 டிகிரியில் கால்மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, பயன்படுத்துகிறேன். சூடும் 37 டிகிரி வேண்டாம். 37 என்பது மனித உடம்பின் சூடு. சேற்றுக்கு 28 போதும்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. நுண்ணோக்கியில் எண்ணினால் தெரியும் செல்களில், தட்டில் முளைப்பது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. 1985இல் ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் இதற்கு "தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்" என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். மிச்சமுள்ளவை செத்தவை அல்ல. நம் சமையல் பிடிக்காதவை.

சேற்றிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் ஒட்டுமொத்தமாக எடுத்துப் படித்துவிடலாமே என்று கேட்பீர்கள். படிக்கலாம், படிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் முகவரி கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். மருந்து தருமா, எண்ணெயைத் தின்னுமா என்று சோதிக்க உயிரோடு ஒன்று கையில் வேண்டும். அதனால்தான் நாட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் வளர்த்துக் காட்டச் சொல்கிறார்கள்.

காலனிகள் முளைத்ததும் நிறம், விளிம்பு, மேடு, பளபளப்பு பார்த்து ஒவ்வொன்றையும் கம்பி வளையத்தால் தொட்டு வேறு தட்டில் இழுக்க வேண்டும். இழுத்ததையே மறுபடி இழுக்க வேண்டும். மூன்று முறையாவது இழுத்து, தட்டு முழுவதும் ஒரே முகமாக இருந்தால்தான் அது தனிக் குடித்தனம்.

இங்கே என் மானம் போன கதையைச் சொல்லியாக வேண்டும். முதுகலை படித்தபோது இதே எண்ணூர்ச் சேற்றிலிருந்து பால் வெள்ளையில் ஓர் அழகான காலனி கிடைத்தது. மூன்று வாரம் அதைக் குழந்தை மாதிரி வளர்த்தேன். நண்பர்களிடம் பெயர்கூட யோசித்துச் சொல்லிவிட்டேன். டி.என்.ஏ. முடிவு வந்தது: ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். மனிதத் தோலில் சர்வசாதாரணமாக இருப்பது. எண்ணூர் வரை போய்ச் சேற்றை அள்ளி, என் கையைக் கண்டுபிடித்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், எதையும் பூசாமல் வெறுமனே திறந்து மூடிய தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்கிறேன். அதில் எது முளைத்தாலும் அது எங்கள் வீட்டுச் சரக்கு.

அடையாளம் காண்பது

பாக்டீரியாவைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. பறவைக்கு அலகு, இறகு, குரல் இருக்கிறது. பாக்டீரியாவில் உருண்டை, குச்சி, சுருள் என்று சில வடிவங்கள்தான். 1884இல் கிராம் என்ற டென்மார்க்குக்காரர் கண்டுபிடித்த சாயமேற்றும் முறையில் ஊதாவா, இளஞ்சிவப்பா என்று இரண்டு பெருங்கூட்டமாகப் பிரிக்கலாம். அதற்கு மேல் நுண்ணோக்கி கைவிரித்துவிடும்.

அதனால் 16எஸ் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் மரபணுவைப் படிக்கிறோம். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் என்ற இயந்திரத்தின் ஒரு பாகத்துக்கான குறிப்பு அது. சுமார் 1,500 எழுத்து நீளம். புரதம் செய்யாமல் எந்த உயிரும் பிழைக்காது என்பதால் இது இல்லாத பாக்டீரியாவே கிடையாது. சாம்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் புளியும் எல்லா வீட்டிலும் உண்டு, அதை மாற்றினால் அது சாம்பாரே இல்லை. காயும் பொடியின் பக்குவமும் வீட்டுக்கு வீடு மாறும். 16எஸ் மரபணுவிலும் சில பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை, சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறியிருக்கின்றன. மாறாத பகுதியைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு பி.சி.ஆர். மூலம் நகல் எடுக்கலாம், மாறும் பகுதியை வைத்து யார் என்று கேட்கலாம். இப்படி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், பாக்டீரியா என்று எண்ணிக்கொண்டிருந்ததில் ஒரு கூட்டம் பாக்டீரியாவே இல்லை என்று காட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு இன்று ஆர்க்கியா என்று பெயர்.

நம் காலனியின் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டால், முறைப்படி பெயர் பெற்ற இனங்களில் எது நெருங்கிய சொந்தம் என்று சதவீதத்தோடு வரும். கொரியர்கள் நடத்தும் ஈஸி-பயோகிளவுட் (EzBioCloud) என்ற தளத்தைத்தான் உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். 98.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால், உலகத்துக்கே புதிய இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது 1,400 எழுத்தில் பதினெட்டுக்கு மேல் வித்தியாசம். 98.7க்கு மேலே வந்தால், அறிந்த இனமாக இருக்கலாம். அப்போதுதான் "நம் நாட்டில் பதிவாகியிருக்கிறதா?" என்ற கேள்வி எழும். முன்பு இந்தக் கோட்டை 97இல் போட்டிருந்தார்கள், பிற்பாடு தள்ளிப் போட்டார்கள். கோடு நாம் போட்டது, பாக்டீரியாவுக்கு அதைப் பற்றித் தெரியாது.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆந்த்ராக்ஸ் நோயைத் தரும் பாசில்லஸும், பழைய சோற்றைக் கெடுக்கும் பாசில்லஸ் செரியஸும், பயிருக்குப் பூச்சிக்கொல்லியாகத் தெளிக்கும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸும் 16எஸ் வரிசையில் ஏறக்குறைய அச்சு அசல். கதவு எண் ஒன்றுதான், மாடியில் ஒருவர், கீழே ஒருவர். அங்கெல்லாம் முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரே இனம் என்று கொள்கிறார்கள். செலவு அதிகம். எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் பத்துக் காலனிக்கு ஒன்றுக்குச் செய்வதே பெரிய விஷயம்.

"இந்தியாவில் பதிவாகியிருக்கிறதா" என்று தேடுவது கேட்க எளிது, செய்யக் கழுத்து வலிக்கும். இந்தியாவில் இதுவரை அறிந்த பாக்டீரியாவுக்கு ஒரே பட்டியல் கிடையாது. ஆய்விதழ்களைத் தேட வேண்டும், சேமிப்பகங்களின் பட்டியலைத் தேட வேண்டும், தரவுத்தளத்தில் நாட்டின் பெயர் போட்டுத் தேட வேண்டும். அதில் யாராவது இனப் பெயர் போடாமல், "பாசில்லஸ் வகை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அதைப் பதிவு என்று கொள்வதா, வேண்டாமா? நான் கொள்வதில்லை. வீட்டு எண் போடாமல் "தண்டையார்பேட்டை" என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் என்ன செய்வார்?

சரி, இதெல்லாம் முடிந்தபின்னும் ஒரு கேள்வி மிச்சம். "நம் நாட்டு பாக்டீரியா" என்றால் என்ன? வேப்பமரம் நம்முடையது, சீமைக்கருவேலம் வந்தேறி என்று சொல்கிறோம். பாக்டீரியாவுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? 1934இல் பாஸ் பெக்கிங் என்ற டச்சு அறிஞர், எல்லாம் எங்கும் இருக்கின்றன, எது தழைக்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது என்றார். அது முழு உண்மை இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் எண்ணூரில் நின்று பார்த்தால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. கூப்பிடு தூரத்தில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். சரக்கு இல்லாமல் வரும் கப்பல் ஆடாமல் நிற்க வயிற்றில் கடல் நீரை நிரப்பிக்கொண்டு வரும், சரக்கு ஏற்றும் இடத்தில் கொட்டும். சிங்கப்பூர்த் தண்ணீரில் இருந்தது எண்ணூரில் இறங்கிவிடும். இதைக் கட்டுப்படுத்த 2004இல் செய்த சர்வதேச உடன்படிக்கை 2017இல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே என் தட்டில் முளைத்தது இங்கேயே பிறந்ததா, கப்பலேறி வந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இந்தத் தேதியில், இந்த இடத்தில், இதன் சேற்றில் உயிரோடு இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பதிவேட்டுக்கு அது போதும்.

எண்ணூரை ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்பவர்களுக்கு: 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் கறுத்ததும் நினைவிருக்கும். கடலில் எண்ணெய் கொட்டினால் பெருகிக்கொண்டு வந்து தின்னும் பாக்டீரியா உண்டு. அல்கானிவோராக்ஸ் என்று ஒரு பேரினமே இருக்கிறது. ஒரு கழிமுகத்தில் சாதாரண நாளில் யார் யார் குடியிருந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தால்தான், கெட்ட நாளுக்குப் பிறகு யார் போனார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று சொல்ல முடியும்.

பெயரும் பெட்டகமும்

உலகத்துக்கே புதிய இனம் என்றால் அதன் பாதை நீளம். லத்தீன் இலக்கணப்படி பெயர் வைத்து, குணங்களை விவரித்து, முறையான இதழில் வெளியிட வேண்டும். உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். நம் சட்டப்படி நுண்ணுயிரை வெளிநாட்டுக்கு அனுப்ப அதற்கென்று நடைமுறை உண்டு, அந்தக் காகித வேலையிலேயே பலர் களைத்துப்போகிறார்கள். 1980 ஜனவரி 1 அன்று பழைய பெயர்க் குப்பையை எல்லாம் கழித்துவிட்டு ஒரு புதுப் பட்டியலோடு தொடங்கினார்கள். அன்றைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்கள். இன்றைக்கு இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்தப் பெயர்களில் நம்மவரும் உண்டு. விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒன்றுக்கு, 2017இல் அப்துல் கலாம் நினைவாக சோலிபாசில்லஸ் கலாமியை என்று பெயரிட்டார்கள். 2005இல் ஹைதராபாத்திலிருந்து பறக்கவிட்ட பலூன் உயர வானிலிருந்து கொண்டுவந்த காற்றில் கிடைத்த ஒன்றுக்கு, 2009இல் பாசில்லஸ் ஆரியபட்டாய் என்று பெயர். பத்தாண்டு கழித்து மரபணுத் தொகுதியை ஒப்பிட்டவர்கள், இது ஏற்கெனவே பெயருள்ள பாசில்லஸ் மெகாடேரியம்தான் என்று காட்டிவிட்டார்கள். ஆரியபட்டாவுக்கே பட்டா நிற்கவில்லை!

பதிவாகாத இனத்துக்கு இத்தனை தேவையில்லை. பெயர் ஏற்கெனவே இருக்கிறது. கிராம் சாயம், செல் வடிவம், வளரும் சூடு, உப்பு, நொதிகள், 16எஸ் வரிசை இவற்றை எழுதி, வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றி, உயிருள்ள மாதிரியை நம் நாட்டுச் சேமிப்பகம் ஒன்றில் கொடுத்து எண் வாங்கினால் போதும். அந்த எண்தான் பட்டா எண். கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தோ, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கிக் கண்ணாடிக் குமிழில் அடைத்தோ பல்லாண்டு வைத்திருப்பார்கள்.

"நம்ம ஃபிரிட்ஜ்லயே வெச்சிக்கலாமே" என்று ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்பார். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பொங்கல் விடுமுறையில் ஃபிரீசர் பழுதானது. நான்கு நாள் கழித்துத் திறந்தால் கெட்ட மீன் கடை வாசம். நாற்பது காலனி, இரண்டு வருட உழைப்பு. அதில் எதையும் நான் எங்கேயும் கொடுத்து வைத்திருக்கவில்லை. என் நோட்டில் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஆள் ஒருவரும் இல்லை.

இப்போது இன்னொரு பழக்கமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மூன்றாம் நாள் தட்டுகளை எண்ணிவிட்டு ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றுவிடுவோம். வேகமாக வளர்பவை எல்லாம் யாரோ எப்போதோ பதிவு செய்தவைதான் என்று மெல்லத்தான் புரிந்தது. இந்த முறை தட்டுகளின் விளிம்பில் பாராஃபிலிம் என்ற மெழுகு நாடாவைச் சுற்றி, காயாமல் இருக்க டப்பாவுக்குள் ஈரத் துணி போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஆறாவது வாரம் ஒன்றும் இல்லை. ஏழாவது வாரம், கஞ்சித் தண்ணீர் ஊட்டம் போட்ட ஒரு தட்டில், குண்டூசி முனை அளவுக்கு மங்கலாக இரண்டு புள்ளி. பூசாமல் வைத்த தட்டைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை முதல் முறையாக இழுக்கப்போகிறோம்.